வேற

ரிஸ்மி நாநா டிஸ்குகளைப் பிரித்து வைத்திருந்தார்:
கிரிக்கெட். கார். அடிபிடி.
மீதியெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில்,
மூடியில் மார்க்கரால் ஒரே சொல்:
வேற.

ஹட்டனில், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
மருந்துக் கடை மாடியில் மூன்று டிவி.
அரை மணிக்கு முப்பது ரூபாய்.
இரண்டுக்கு முன்னால் பிள்ளைகள் கியூவில்,
டியூஷன் கொப்பியை வயிற்றில் சொருகிக்கொண்டு.
மூன்றாவதுக்கு ஆளில்லை.
பழைய தடிச்ச பெட்டி,
தானாக இடது பக்கம் இழுக்கும் கொன்ட்ரோலர்.
முறை வராத ஒரு மழை நாளில்
டின்னைத் திறந்தேன்.

பெட்டி செய்த கம்பெனியின் பெயர்
மணியடித்துப் பெரிசாக வரும்.
அது அணைந்தபின்
கறுப்பில் ஒரு நத்தை, முதுகில் குடை.
ஆட்டம் செய்தவர்களுக்கு அவ்வளவுதான் இடம்,
இரண்டு விநாடி.
லயத்துக் காம்பரா மாதிரி:
சுவர் கம்பெனியோடது,
உலை நம்மோடது.

எழுத்து ஜப்பானோ சீனமோ.
மழைக்கோட்டுப் போட்ட ஒருவன்
ஏணி தூக்கிக்கொண்டு ஓர் ஊருக்குள் நடக்கிறான்.
தெருவிளக்கெல்லாம் செத்துக் கிடக்கிறது.
பல்பு மாற்ற வேண்டும். பின்னால் ஒரு நாய்.
சுட ஆளில்லை. முந்த ஆளில்லை.
"இதுல என்னடா இருக்கு?" என்றான் தவயோகன்,
சிக்ஸர் அடித்துக்கொண்டே.
ஏணியைச் சாத்தும்போது
கொன்ட்ரோலர் உள்ளங்கையில் லேசாக நடுங்கும்,
அதைச் சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு விளக்கு.
மூன்றை ஏற்றிவிட்டு சேவ் பண்ணப் போனால்
மெமரி கார்டில் எனக்கு முன்னால் யாரோ:
எழுபத்தொன்று.

அடுத்த கிழமை நான் பதினாறு. அந்த ஆள் எழுபத்தெட்டு.
நாநாவிடம் கேட்டேன்.
"டின்னுக்கெல்லாம் கணக்கு வைக்கிறல்ல" என்றார்
சில்லறையிலிருந்து தலை தூக்காமல்.
முப்பத்தொன்றாவது விளக்கு பாலத்தடியில்.
வெள்ளம். ஏணி நிற்கவில்லை.
மூன்று கிழமை, தொண்ணூறு ரூபாய்
அந்தத் தண்ணீரில் போனது.

ஸ்கூலைக் கட் அடித்த ஒரு பகலில்தான் கண்டேன்.
கீழே துணிக்கடையில் சாரி மடிக்கும் நேசமலர் அக்கா,
செருப்பைக் கழற்றிவிட்டு,
மடியில் பிரிக்காத சோற்றுப் பார்சல்,
அடம்பிடிக்கும் ஆட்டைப் போல
கொன்ட்ரோலரை வலதுக்கு இழுத்துக்கொண்டு.
திரும்பாமலே கேட்டார்:
"முப்பத்தொண்ணுல நிக்கிற ஆளு நீங்களா?
நாய் ஒக்காந்தா நீங்களும் சும்மா நில்லுங்க.
தண்ணி வடிஞ்சிரும்."

அந்த எழுத்து வாசிக்கத் தெரியுமா என்றேன்.
"எங்க? மொதலாளி ஏசின நாள்ல
எதுவும் அமத்தாம சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்.
அதுவா வடிஞ்சிச்சு."

பேச்சு அதோடு சரி.
எண்கள்தான் பேசிக்கொண்டன.
நாற்பது, எண்பத்தாறு.
ஐம்பத்தெட்டு, நூற்றி மூன்று.

டிசம்பர் லீவுக்கு நாநா கிரிக்கெட் போட்டி வைத்தார்.
பதினாறு டீம், கார்டில் இடமில்லை.
எதை அழிப்பது என்று
அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

அன்று ஆறரைக்குக் கரண்ட் போனது,
மெயின் ரோடு முழுக்க.
பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டு படியிறங்கினார்கள்.
துணிக்கடை ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்த அக்காவிடம்
விஷயத்தைச் சொன்னேன்.
பூட்டைப் போட்டார். இழுத்துப் பார்த்தார்.
இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தார்.
"ஒம்பதுதான் இருந்திச்சு."
நோர்வூட் பஸ் ஹோர்ன் அடிக்க
பையை அணைத்துக்கொண்டு ஓடினார்.

நான் நின்ற இடத்திலிருந்து
வளைவு வரைக்கும் கம்பங்கள்.
பதினேழு வரை எண்ணியிருந்தேன்.
ஸ்டாண்டு நாயொன்று ஈரத்தோடு வந்து
காலடியில் உட்கார்ந்தது.
என் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.