கயிற்றை யாரும் கேட்கவில்லை

என் பெயர் பாஷ்க்.
பாஸ்கா விடியலில் பிறந்ததால் வைத்தது.
டிரின் ஆறு மலையைச் சுற்றி வளைகிற அல்பேனிய ஊர் ஒன்றில்
கோயில்பிள்ளையாக இருந்தேன்.
மெழுகுதிரி, தூபக்கால், மூவேளை மணி.

அறுபத்தேழில் லாரியில் மாணவர்கள் வந்தார்கள்.
கடவுள் இல்லை என்று சொல்ல
அவர்களிடம் ஒலிபெருக்கி இருந்தது.
என்னிடம் ஒரு காகிதம் நீட்டினார்கள்.
பூசை முடிந்தபின் கதவை அடைத்துக்கொண்டு
மெஹில் சாமியார் வாலிபர்களிடம் என்ன பேசினார் என்று
அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது.
என் கையெழுத்துதான் பாக்கி.

போட்டேன்.
அடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்,
யாரும் என்னை அடிக்கவில்லை.
பேனாவில் மை கசிந்தது.
விரலைத் துடைத்துக்கொள்ளத் துணிகூடக் கொடுத்தார்கள்.

பிறகு மணியை இறக்க ஆள் தேவைப்பட்டது.
கோபுரத்து ஏணியில் எந்தப் படி உளுத்தது என்று
எனக்குத்தானே தெரியும்.

இராயப்பர் வெளியே போய் மனங்கசந்து அழுதார்.
நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.
சோள ரொட்டி, தயிர், உப்பில் ஊறிய மிளகாய்.
இன்னொரு துண்டு வேண்டுமா என்றாள் திரானே.
வேண்டும் என்றேன்.
சேவல்? கூவியிருக்கும்.
அந்த வாரமே அவற்றையும் எண்ணி
கூட்டுப் பண்ணைக்கு எடுத்துப்போனார்கள்.

வெண்கலத்தை உருக்கினார்கள்.
கயிற்றை யாரும் கேட்கவில்லை.
மாடு கட்ட ஆகும் என்று கொண்டுவந்தேன்.
மாட்டையும் ஓட்டிப்போனார்கள்.
வெறும் தொழுவத்து உத்தரத்தில் முடிந்து வைத்தேன்.

முதல் மாலை ஏன் இழுத்தேன், தெரியாது.
கை அந்த நேரத்துக்குப் பழகியிருந்தது.
மும்மூன்றாய் மூன்று தடவை, பிறகு ஒன்பது.
மேலே ஒன்றுமில்லை.
உத்தரத்துத் தூசி கண்ணில் விழுந்தது.
செபம் வாய்க்கு வரவில்லை.
கையெழுத்துப் போட்டதும் இதே கைதான்.
வேறு கை எனக்கு இல்லை.

மறுநாளும் இழுத்தேன்.
அப்படி இருபத்துநான்கு வருஷம்.
காய்ச்சலில் கிடந்த நாட்கள் போக,
திரானேயைப் புதைத்த நாள் போக...
இல்லை, அன்றும் இழுத்தேன்.
சிலுவை நடாமல் புதைத்தோம், அதனால்.

விசுவாசம் என்று இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.
ஒருமுறை, வெறுத்துப்போய், இழுக்காமல் இருந்து பார்த்தேன்.
யாரோ என்னைத் தேடி வந்து
கதவு பூட்டியிருக்கக் கண்டு
வாசலிலேயே உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது
இரவு முழுவதும்.

தொண்ணூற்றொன்றில் சாமியார் திரும்பினார்,
முதுகையும் பற்களையும் சுரங்கத்தில் விட்டுவிட்டு.
கோயிலுக்குள் உரமூட்டை நாற்றம்.
பீப்பாய்மேல் பலகை போட்டுப் பீடம் செய்தார்கள்.
நான் வெளியே மழையில் நின்றேன்.

அவரே வந்தார்.
சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.
வாய் திறக்குமுன்,
"பாஷ்க், காகிதத்தை எனக்குக் காட்டினார்கள்.
உன் எழுத்து எப்போதுமே கோணல்" என்றார்.
பிறகு வெகுநேரம் பேசவில்லை.
மன்னித்துவிட்டேன் என்றாரா என்று
என் மகன் இன்றும் கேட்கிறான்.
சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை.
"மணியாச்சு, போ" என்றார்.

மணி ஏது சாமி, நான்தானே இறக்கினேன்.

"மணியாச்சு."

தொழுவத்துக்கு ஓடினேன்.
முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது, பல்லால் கடித்தேன்.
கோபுரத்தில் மிச்சமிருந்த விட்டத்தில் கட்டினேன்.
கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

இழுத்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
முதல் மூன்றுக்கே
கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.