முப்பத்தொன்பது

பால்மாப் பெட்டி மட்டையை வெட்டி
ஒன்றிலிருந்து அறுபது வரை எழுதினேன்.
ஐம்பத்திரண்டில் நீல மாக்கர் காய்ந்துவிட்டது,
மிச்சம் எட்டும் சிவப்பு.
சிவப்புத் துண்டு கிடைத்தால் கடும் வருத்தம் என்று
கிளிநொச்சி ரயில் பாதைக்கு அப்பால்
ஒரு கதை இன்னும் உலாவுகிறது.

முந்தி இது சங்கக் கடை.
சுண்ணாம்புக்குக் கீழே தெரியும்:
‘பருப்பு – கையிருப்பில் இல்லை’.
தராசு நின்ற மேசையில் பிறசர் பார்க்கிறோம்.
மா மூட்டை அடுக்கிய அறையில்
டொக்டர் நிலந்தி இருக்கிறா.
காலியிலிருந்து வந்தவ.
‘எங்க நோகுது?’ என்பதை மட்டும்
எங்களைப் போலவே கேட்கப் பழகிவிட்டா.
ஆட்கள் பதில் சொல்லத் தொடங்கினால்தான் சிக்கல்,
தொடங்குவது முழங்காலில்
முடிவது காணி உறுதியில்.
நான் இடையில் நின்று
காணியைக் கழித்துவிட்டு முழங்காலைச் சொல்வேன்.

பெரியாஸ்பத்திரி தூரமில்லை,
நாலரைக் கிலோமீற்றர்.
ஓட்டோவுக்குப் போக அறுநூறு, வர அறுநூறு,
ஒரு நாள் கூலி,
கிளினிக் கொப்பியைத் தொலைத்ததற்கு ஒரு ஏச்சு.
கூட்டிப் பாருங்கள்.

மாசியில் ஒருநாள்
முப்பத்தொன்பதை மூன்று தரம் கூப்பிட்டேன்.
வாங்கில் இருந்த பஸ்தியாம்பிள்ளை சொன்னார்:
‘அந்தப் பிள்ளை, காமென்ற்ஸ் பஸ் ஹோன் அடிக்க
ஓடிற்றுது.’
துண்டும் அவளோடு போய்விட்டது.

அன்று பின்னேரம் பதிவேட்டை விரித்து
தொழில் என்ற நிரலை மட்டும் வாசித்தேன்.
இல்லை. இல்லை. ஓய்வு. இல்லை. வீட்டுப்பணி.
கச்சான் விற்பவர் ஒருவர்.
மேசன் இல்லை, அரிசி ஆலை இல்லை,
விடிய ஐந்தரைக்குச் சந்தியில்
சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிற
அத்தனை பெண்களில் ஒருத்தியும் இல்லை.
எட்டுக்குத் திறந்து பன்னிரண்டுக்குப் பூட்டுகிறோம்.
யாருக்கு வருத்தம் வரலாம் என்று
நாங்களே முடிவெடுத்து வைத்திருக்கிறோம்.

கடிதம் எழுதினேன். பதில் இல்லை.
இன்னொன்று எழுதினேன். ‘கிடைக்கப்பெற்றோம்.’
மூன்றாவதை டொக்டர் சிங்களத்தில் எழுதி
தானே கொண்டுபோய்
அவர்களுடைய மேசைக்கு முன்னால் இருந்துகொண்டா,
மூன்று மணித்தியாலம்.

வைகாசி பிறக்க, புதன்களில் இரவு எட்டு மட்டும்.
முதல் புதன் ஆறு பேர்.
இரண்டாவது, மழை, கரண்ட் இல்லை,
போன் வெளிச்சத்தில் இரண்டு பேர்.
நாலாவது புதன் வாங்கு போதவில்லை.
நூல் தூசி ஒட்டிய தலைகள்.
இருந்தபடியே நித்திரை கொள்கிறார்கள்,
பக்கத்தில் இருப்பவர்
தட்டி எழுப்பிவிட வேண்டியிருக்கிறது.

‘முப்பத்தொன்பது’ என்றேன்.
இரண்டு பேர் எழும்பினார்கள்.
அரிசி ஆலைக்காரர் கையில்
நான் பங்குனியில் வெட்டிய புதுத் துண்டு.
அவள் கையில் பழையது,
வேர்வையில் கசிந்த நீலம்,
அடையாள அட்டை உறைக்குள் இவ்வளவு நாளும்.
‘அண்டைக்கு நிக்க ஏலாமப் போச்சுதக்கா.
இது இன்னும் செல்லுமோ?’

இந்திரவதனி, முப்பத்திநாலு வயது.
பிறசர் இருநூற்றுப்பத்து.
மிஸ்ஸி பட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினா.
இருநூற்றெட்டு.
‘மாசியிலயிருந்து தலையிடி,
மெஷின் சத்தமாக்கும் எண்டு விட்டிட்டன்.’

அரிசி ஆலைக்காரர் சண்டைக்கு வாய் திறந்தவர்,
மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்துவிட்டு
திறந்த வாயோடு இருந்துவிட்டார்.

குளிசை கொடுத்து
ஒரு மணித்தியாலம் வாங்கில் சரித்து வைத்தோம்.
மேற்பார்வையாளருக்கு போன் எடுத்து
நாளைக்கு வரமாட்டாள் என்று டொக்டர் சொன்னா,
தமிழில், எல்லா வினைச்சொல்லும் பிழையாக.
அந்தப் பக்கம் மறுத்துப் பேச்சில்லை.

போகும்போது துண்டைத் திருப்பித் தந்தாள்.
இப்போது என் பெட்டியில் அறுபத்தொன்று இருக்கிறது.
கணக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு
என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.