வலைக்கு இந்தப் பக்கம்

எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கம்தான்.
நாலாவது பக்கம் பள்ளம்.
கிழக்குக் கோலைத் தாண்டிய பந்து
தேயிலைக்குள் விழுந்து, கான் தாண்டி,
மட்டம் மட்டமாய்க் குதித்து
ஓயாவில் போய்ச் சேரும்.
இருந்ததோ ஒரே பந்து.

அதனால் கம்பங்களுக்குப் பின்னால்
ஓர் ஆள் தேவைப்பட்டது.
பதினெட்டு வயதில் அங்கே போய் நின்றவர் மூக்கையா.
யாரும் வைக்கவில்லை, யாரும் எடுக்கவுமில்லை.
ஞாயிறு இரண்டு மணிக்கு
அட்டைக்குப் பயந்து காலெல்லாம் சவர்க்காரம் பூசி
செடிகளுக்கு நடுவே இடுப்புக்கு மேல் தெரிவார்.

பதினேழு வருடம்.
அதற்குள் எங்களுக்கு ஆறு கீப்பர்கள்.
ஒருவன் புறக்கோட்டைப் புடவைக்கடைக்குப் போனான்,
இரண்டு பேர் கட்டாருக்கு,
ஒருவனைக் கட்டியவள் விடவில்லை.
ஆறு பேரின் முதுகும் மூக்கையாவுக்கு மனப்பாடம்.
"சுரேந்திரன் இடப்பக்கம் விழுறதுக்கு முந்தி
வலது குதிகாலைத் தூக்குறான்"
என்று ஒருமுறை சொன்னார்.
நாங்கள் சிரித்தோம், சுரேந்திரனும் சிரித்தான்.
மஸ்கெலியாக்காரர்களும் குதிகாலைப் பார்த்திருந்தார்கள் போல.
ஐந்து கோல்.
சுரேந்திரனை நாங்களே நிறுத்தினோம்.

பிறகு வலை வந்தது.
மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வராமல் கட்டுகிற பச்சை வலை,
தேர்தல் காலத்து அன்பளிப்பு.
இனிப் பந்து ஓடாது.
அந்த ஞாயிறும் மூக்கையா வந்தார்,
அதே இடத்தில் நின்றார்,
கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டார்.

ஆறாவது கீப்பர் ஏறிய ஹட்டன் பஸ்
மண்சரிவில் நின்றதும் அன்றுதான்.
அணித்தலைவன் நான்.
எண்ணினேன், பத்துப் பேர்.
திரும்ப எண்ணினேன், பத்தேதான்.
"அண்ணே, கொஞ்சம் முன்னால வாங்க."

குனிந்து நுழைந்திருக்கலாம்.
வலையைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக,
கோயிலைச் சுற்றுகிறவர் மாதிரி வந்தார்.
முப்பத்தைந்து வயது.
கைக்கு மருந்தடிக்கிறவர்களின் ரப்பர் உறை,
காலுக்கு ஒன்றுமில்லை.
முதல் பந்தை அவர் பிடிக்கவேயில்லை,
நெஞ்சில் வாங்கி விழுந்து
அதன்மேல் படுத்துக்கொண்டார்.
நடுவர் வந்து முதுகில் தட்டும்வரை எழவில்லை.

பனி இறங்கினால்
கண்ணை மூடிக்கொண்டே பிடிப்பார் என்று
லயத்தில் ஒரு கதை உண்டு. பொய்.
நான் பக்கத்தில் நின்றவன்.
கண்ணை அகலத் திறந்துதான் வைத்திருந்தார்,
பயத்தில்.

சுண்டுவிரல் உடைந்து கோணலாய்ச் சேர்ந்தது.
கவ்வாத்துக் கத்தி நழுவிய திங்கட்கிழமை
கங்காணி அரைப்பேர் போட்டார்.
ராக்கம்மா பீலிக்கரையில்
மகன் காற்சட்டையையும் புருஷன் காற்சட்டையையும்
ஒரே கல்லில் அடித்துக்கொண்டு
"சேறு ஒண்ணுதான், சைஸ்தான் வேற" என்றாள்.

மாவட்டத் தெரிவுக்குக் கூப்பிட்டார்கள்.
விளையாடத் தொடங்கியது எந்த வருஷம் என்று
படிவம் நிரப்பியவர் கேட்டார்.
"எந்தப் பக்கத்திலிருந்து?" என்றார் மூக்கையா.
வயதுக் கட்டத்தைப் பார்த்துவிட்டு
அவர்கள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டன்பாரில் இறுதி ஆட்டம்.
பெனால்டி.
இரண்டைத் தடுத்தார், முப்பத்தொன்பது வயதில்.
ஐந்தாவது அடிக்கு
சரியான பக்கம்தான் பாய்ந்தார்.
பந்து விரலை உரசி உள்ளே போனது.
அங்கே வெடி போடுகிறார்கள், ஆளைத் தூக்குகிறார்கள்.
இவர் எழுந்தார்,
விறுவிறுவென்று கம்பத்தைச் சுற்றி
வலைக்குப் பின்னால் ஓடினார்.
அங்கே பள்ளமில்லை, தேயிலையுமில்லை,
கச்சான் விற்கிற ஒரு பொடியன் மட்டும்.
சற்று நின்றார்.
திரும்பி வந்து, வலைக்குள் கிடந்ததை எடுத்து,
சட்டையில் சேற்றைத் துடைத்து
அடித்தவனிடமே கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம்.
"அடிக்க முந்தி அவன் இடத்தோள் இறங்குச்சி.
தெரிஞ்சுச்சி. எட்டல" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
டிக்கோயாவில் தேத்தண்ணிக்கு இறங்கினோம்.
கோணல் விரலோடு கோப்பையைப் பிடிக்க
அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.