பெஞ்சலய்யாவின் இடது கன்னம்

விளக்கு எரிந்தால் தறி ஓடும்.
தறி ஓடினால் தரை ஆடும்.
தரை ஆடினால் முகம் கலங்கும்.
தறி நின்ற நேரம் விளக்கும் இல்லை.
பொதட்டூர்பேட்டையில் கேமராவும் கையுமாக உட்கார்ந்தவளுக்கு
முதல் ஆறு மாதம் இதுதான் பாடம்.

அறை பத்துக்கு எட்டு.
நூல் மூட்டைகளை மாடிக்கு ஏற்றிவிட்டு
சுவரோரம் ஒரு ஸ்டூல் போட்டேன்.
உச்சந்தலைக்கு நேர் மேலே நாற்பது வாட்ஸ் பல்பு.
முதல் மாடல் ஒரு பூசணிக்காய்.
அசையாது, கண் சிமிட்டாது,
மறுநாள் குழம்புக்கும் ஆகும்.
படத்தில் அதற்கு இரண்டு விளிம்பு.
சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறி
மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்தன.

அடுத்து முனிரத்தினத்தை உட்கார வைத்தேன்.
கண் இருந்த இடத்தில் இரண்டு குழி.
மூக்கின் நிழல் இறங்கி
மீசைக்கு ஒரு மீசை முளைத்திருந்தது.
"நகரி ஸ்டேஷன்ல ஒட்டறதுக்கா?" என்றார்,
கட்டிய புருஷன்.

குழுக் கடன் வந்த வாரம்
ரேணிகுண்டாக்காரர் ஒருவரிடம் பழைய ஃப்ளாஷ் வாங்கினேன்.
நான்கு பேட்டரி போதும், கரண்ட்டைக் கெஞ்ச வேண்டாம்.
கண் மூடித் திறப்பதற்கு முன்பே அடித்து அணைகிறது.
அதற்குள் எந்தத் தறியால் தரையை ஆட்ட முடியும்?

நேராக அடித்தேன்,
நெற்றி எண்ணெயில் பொரிந்தது.
பின்சுவரில் கத்தரித்து ஒட்டியதுபோல் கறுப்பு நிழல்.
உடைந்த பெடஸ்டல் ஃபேனின் தலையைக் கழற்றி எறிந்து
கம்பத்தின் மேல் ஃப்ளாஷைக் கட்டினேன்.
எங்கள் தறியில் ஓடிய வேட்டித் துணியை
இரண்டாக மடித்து, மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டி
அதன் முன்னால் நிறுத்தினேன்.
அப்போதும் முரடாகத்தான் விழுந்தது.
சுட்டுவிடும் என்பதுபோல்
தூரத் தூரத் தள்ளி வைத்திருந்தேன்.
ஒருநாள் கம்பம் சறுக்கி
முனிரத்தினத்தின் காதுக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது.
அந்தப் படத்தில்தான்
அவர் கன்னத்துக்கு ஒரு வளைவு இருப்பதைப் பார்த்தேன்.
கல்யாணமாகி பதினோரு வருஷம்.

செவ்வாய்க்கிழமை. கரண்ட் இல்லை. தெருவே செவிடாகிக் கிடந்தது.
புத்தூரிலிருந்து பெஞ்சலய்யா வந்தான்,
தோளில் பை, கையில் ரசீது மெஷின்.
"நாகபூஷணி அக்கா, டியூ."
தருகிறேன், அந்த ஸ்டூலில் கொஞ்சம் உட்கார், என்றேன்.
உட்கார்ந்தவன் ஸ்டூலோடு திரும்பினான்.
"அந்தப் பக்கம் வேணாம் அக்கா."
இடது கன்னத்தில், காதை ஒட்டி
வெளுத்த திட்டு, ஒரு ரூபாய் அகலம்.
இரண்டு வருஷமாக இந்த வாசலில் நிற்கிறான்,
நான் பார்த்ததெல்லாம் அவன் கையைத்தான்.

கம்பத்தை வலப்பக்கம் தூக்கிப் போனேன்.
கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே,
கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்து.
வலது பாதி மெத்தென்று துலங்கியது.
இடது பாதி, காதும் திட்டும் சேர்த்து, இருட்டுக்குள்.
திரையில் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தான்.
"பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்" என்றான்.
பிறகு, "அவங்க நேர்ல வருவாங்க இல்ல?"

டி.வி. பெட்டியில் வந்த தெர்மகோல் பலகையை
அவன் இடதுபக்கம் பிடித்தார் முனிரத்தினம்.
ஒரு அடி தள்ளி. அரை அடி. இன்னும் கிட்டே.
இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்து
திட்டு தெரிந்தது,
திட்டாக, அவ்வளவுதான்.
"போதும்" என்றது நான் இல்லை, அவன்.

பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கண்ணிலும்
வேட்டித் துணி சின்னச் சதுரமாக வெளுத்திருக்கிறது.
அதன் ஓரத்தில் குள்ளமாக ஒரு கறுப்பு.
நானாக இருக்கும்.

படத்துக்கு ஐம்பது கேட்டேன், கொடுத்தான்.
எண்ணூற்று அறுபது கேட்டான்,
அந்த ஐம்பதையும் சேர்த்துத்தான் எண்ணிக் கொடுத்தேன்.
மெஷின் ரசீதைத் துப்பியது.
கரண்ட் வந்துவிட்டது.
நான்கு தறியும் ஒன்றாகத் தொடங்க
ஃபேன் கம்பம் தலையில்லாமல் ஆடியது.