ஐந்து நிமிடம்

புந்தா அரேனாஸில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
கதவோடு உள்ளே வருகிறது.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பள்ளிக்கு வருகிறவர்கள் பிடித்துக்கொண்டு கடக்க.
நான் இங்கே முற்றக் கண்காணிப்பாளன்,
எலியோதோரோ பார்ரியா.
சாவிக்கொத்து, விசில், தாமதப் பதிவேடு.
என் படிப்பு அவ்வளவுதான்.

ஜூனில் வட்டார அலுவலகத்திலிருந்து வினாத்தாள் வந்தது.
“பள்ளியில் நலமாக உணர்கிறீர்களா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடுக.”
பிள்ளைகளுக்கு மஞ்சள் தாள், ஆசிரியர்களுக்கு நீலம்.
எண்ணி அடுக்கி உறையில் போடுவது என் வேலை.
படிக்கக் கூடாது.
படித்தேன்.
நீலத்தில் எல்லாமே மூன்று.
மூன்று என்றால்,
“விடுங்கள், மணி அடிக்கப் போகிறது” என்று பொருள்.
மஞ்சளில் ஒருவன் ஐந்து எண்களையும் அடித்துவிட்டு
எழுதியிருந்தான்: “எந்தக் கிழமை?”
கையெழுத்து தெரிந்ததுதான். ஆறாம் வகுப்பு யெர்கோ மான்சியா.
ஒரு கையில் கயிறு, மறு கையில் தங்கை என்று வந்து சேர்ந்து
முதல் பாடவேளை முழுக்கத் தூங்குகிறவன்.

ஒரு செவ்வாய். மணி ஒன்பதரை, இன்னும் விடியவில்லை.
சாக்பீஸ் எடுக்க எழுதுபொருள் அறையைத் திறந்தேன்.
விளக்குப் போடாமல்
காகிதக் கட்டுகளுக்கும் பழைய உலக உருண்டைக்கும் நடுவே
நின்றிருந்தார் கணக்கு டீச்சர் ஹிமேனா வுகாசோவிச்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
அழவில்லை. அழுதிருந்தால்
என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.
“ஐந்து நிமிடம், தோன் எலியோ.”
சாத்தினேன். பூட்டவில்லை.

ஆறாம் வகுப்பில் கூச்சல்.
கரும்பலகையில் பாதியில் நின்ற ஒரு பின்னம்:
மேலே மூன்று, ஒரு கோடு, கீழே ஒன்றுமில்லை.
“எனக்கு இது வராது” என்றேன்.
“இந்தப் பாடம் நடந்தபோது
நான் மீன்படகில் இருந்தேன்.”
ஏனோ யாரும் சிரிக்கவில்லை.
யெர்கோ தலையைத் தூக்கினான்.
பையிலிருந்து ஒரு மர்ராகேத்தாவை எடுத்தான்,
வேகும்போதே நான்கு கதுப்பாக வெடிக்கிற ரொட்டி.
“தோன், இது ஒன்று. பிட்டால் நாலு.
அம்மாவுக்கு, தங்கைக்கு, எனக்கு.
நாலில் மூன்று. புரியுதா?”
“மீதி?”
“அது அப்பாவுக்கு. சால்மன் பண்ணையில் இருக்கார்.
தட்டிலேயே இருக்கும்.
ராத்திரி தங்கை எழுந்து அழுதால்
பாலில் நனைத்துக் கொடுப்பேன்.
அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட்.”
பின் வரிசையில் டானிட்சா கை தூக்கினாள்:
“அப்பாவோட கால் பங்கும் அவளுக்கே போனால்
அவளுக்கு மொத்தம் எவ்வளவு?”
“பாதி” என்றன பத்துக் குரல்கள்.
“பாதி” என்றது வாசலிலிருந்து இன்னொன்று.
டீச்சர். கோட்டு கையில்.
எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை.
நேரே போய்
அந்தக் கோட்டின் கீழே நாலு எழுதினார்.

அதன்பின் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.
தலைமையாசிரியை கூட்டம் போட்டார், கூட்டத்தில் காபி ஆறியது.
முதல் பாடவேளையில் யெர்கோ
உடற்பயிற்சிக்கூடப் பாயில் படுத்துக்கொள்ளலாம் என்றானது.
விட்ட கணக்கை டீச்சர் மதியம் சொல்லிக்கொடுப்பார்,
டீச்சரின் மதிய வகுப்பை நூலகர் பார்த்துக்கொள்வார்.
நூலகரின் வேலையை யார் பார்ப்பது என்பதில்
இன்னும் சண்டை ஓயவில்லை.
நான் எழுதுபொருள் அறைக்குள் ஒரு நாற்காலி போட்டேன்.
கேட்டால், மேல்தட்டை எட்டுவதற்கு.

ஆகஸ்டில் மறுபடி வினாத்தாள்.
நீலக் கட்டில் ஒரே ஒரு இரண்டு.
யாரோ முதல்முறையாக உண்மை எழுதியிருக்கிறார்,
எனக்கு அது நல்ல செய்தி மாதிரி இருந்தது.
முற்றக் கண்காணிப்பாளருக்கு
எந்த நிறத்திலும் தாள் இல்லை.

சில காலைகளில் சாக்பீஸ் எடுக்கப் போகிறேன்.
நாற்காலி திசை மாறியிருக்கிறது.
உலக உருண்டையை யாரோ துடைத்திருக்கிறார்கள்,
எங்கள் ஊர் தொங்கும் அடிநுனி வரைக்கும்.
விசிலைக் கழற்றி மடியில் வைக்கிறேன்.
கூரைத் தகரத்தைக் காற்று பிய்க்கப் பார்க்கிறது.
பார்க்கட்டும்.
ஐந்து நிமிடம்.