ஒத்திவைக்கப்பட்டது

ஹெல்விக்கின் போதகர் இல்லத்தை
ஏரிக்கு அக்கரையில்தான் கட்டினார்கள்.
ரயில் இக்கரையில் வந்து நின்றுவிட்டது.
அந்த ஜனவரி
உறைந்த ஏரியின் மேல்
இருபத்திரண்டு குதிரைகள் வீட்டை இழுத்து வந்தன.
போதகர் ஓமுட் முன்னே நடந்து
கோடரிக் காம்பால்
பனிக்கட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.
மனைவி குன்ஹில்ட் இறங்க மறுத்துவிட்டாள்:
அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.
புகைபோக்கி புகைய ஒரு வீடு ஏரியைக் கடந்ததாம்.
டக்கோட்டாவில் இந்த ஒரு கதையை மட்டும்
யாரும் குறைத்துச் சொல்வதில்லை.

இறக்கிவைத்தபோது
சமையலறை ஆலயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.
அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை.

சபையின் இன்றைய செயலாளர் நான்.
பழைய குறிப்பேடுகள் நார்வே மொழியில்;
அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

1909. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே
ஒரு ஜன்னல் வேண்டுமென்று
போதகரின் மனைவி கேட்கிறார். ஒத்திவைக்கப்பட்டது.

1917. கோதுமை விலை ஏறிய வருடம்.
புது மணி வாங்கினார்கள்.
ஜன்னல், ஒத்திவைக்கப்பட்டது.

1934. சம்பளம் உருளைக்கிழங்காகக் கொடுக்கப்பட்டது.
போதகரின் மனைவி ஜன்னல் கேட்கவில்லை.
இன்னொரு விளக்கு கேட்டார்.

1952. படிப்பறைச் சுவர்த்தாளின் நிறம் பற்றி
மூன்று கூட்டங்கள்.
ஜன்னலுக்கு அரை வரி.

1971இல்தான் கேட்டவளுக்கு ஒரு பெயர் வருகிறது:
மார்னா ஸ்டெண்டால்.
எழுத்துப்பிழையோடு.

பிறகு மூன்று ஊர்களுக்கு ஒரே போதகர் என்றானது.
அவர் வேறு ஊரில் தங்கிக்கொண்டார்.
வீட்டை வாங்கியவர்
தானிய லாரி ஓட்டும் டெல்மர் ரஸ்க்;
ஈஸ்டருக்குக்கூட ஆலயத்துக்கு வராதவர்.
குடிவந்த மூன்றாம் நாள்
ஒரே மதியத்தில் சுவரை அறுத்து
ஜன்னல் வைத்துவிட்டார்.
ஏன் என்று கேட்டேன்.
"நின்னா செவுருதானே தெரியுது?"

நூற்றாண்டு மலருக்குப் படம் எடுக்கப் போனவள்
காப்பி குடித்த கோப்பையை
நானே கழுவுகிறேன் என்றேன்.

எதிரே ஆலயத்தின் பின்சுவர்.
முன்பக்கமும் இரு பக்கவாட்டும்
ஆறு வருடத்துக்கு ஒருமுறை வெள்ளை அடிக்கிறோம்.
இது பிறந்த மேனிப் பலகை,
வெடித்து, சாம்பல் நிறமாகி,
மூலையில் குளவிக்கூட்டோடு.
பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை,
பெயின்ட் வீண் என்ற தீர்மானமும்
குறிப்பேட்டில் இருக்கிறது.
1908. ஏகமனதாக.

கோப்பை எப்போதோ சுத்தமாகிவிட்டது.
தண்ணீரை நான் மூடவில்லை.