இரண்டு பத்து

ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்த அன்று
சந்தனமேரியின் இடது கை
மணிக்கட்டே இல்லாமல் வந்து சேர்ந்தது.
கடிகாரப் பட்டி சதைக்குள் எங்கோ.

கத்தரிக்கோலை எடுத்தேன்.
"வெட்டிறாதீங்க ஐயா.
ஹட்டன்ல வாங்குனது, இன்னும் ரெண்டு தவணை இருக்கு."
கையை விடவா பெரிது என்றேன்.
பேசாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கொக்கியை விடுவிக்க
முதலில் இன்னும் ஓர் இழுப்பு இறுக்க வேண்டும்.
இறுக்கினேன். கத்தினாள். விட்டேன்.
தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக்
காத்திருந்தோம். தகரத்தில் மழை பிடித்தது.
வீக்கம் இறங்குவதாயில்லை.
சவர்க்காரம் வேண்டாம், தோல் பட்டி ஊறிவிடும் என்று
அதையும் அவள்தான் சொன்னாள்.

கடைசியில்
சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.
பட்டி கடிகாரத்தைப் பிடித்திருக்கும் இடத்தில்
ஒரு சின்னக் கம்பி, உள்ளே சுருள்வில்.
ஊக்கு முனை இரண்டு தரம் வழுக்கியது.
மூன்றாம் தரம் கம்பி உள்ளே போய்
பட்டி வாயைத் திறந்தது.
தோலில் ஒரு கீறல் இல்லை;
பட்டியின் தோலைச் சொல்கிறேன்.
அவளுடையதில் ஓட்டைகள்கூட வரிசையாகப் பதிந்திருந்தன.

ஊசி போட்டபின் படிவம்.
கொட்டிய நேரம்?
வாசலில் நின்றபடியே கணக்கப்பிள்ளை,
"பதினொன்றரை இருக்கும். அரைப்பேர் போடலாம்."

வீங்கிய கையாலேயே
மேசைமேல் கிடந்த கடிகாரத்தை என் பக்கம் தள்ளினாள்.
"ரெண்டு பத்து.
பாத்துட்டுத்தான் ஓடுனேன்."